ஒரு கைப்பிடி நொய்!

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கோழி வளர்ப்புப் புத்தகம் எதையாவது எடுத்துப் புரட்டுங்கள். 'குளிர்காலம்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கும். தொட்டித் தண்ணீர் உறைந்துபோகும், காலையில் வெந்நீர் ஊற்றி உருக்குங்கள். கூட்டுக்குள் பல்பு போடுங்கள். பனியில் கொண்டை கருகிவிடாமல் வாஸ்லின் தடவுங்கள்... என்றெல்லாம் பக்கம் பக்கமாக அறிவுரை!

இதை அப்படியே பிள்ளையார்குப்பத்து ஆயா ஒருவருக்குப் படித்துக் காட்டினால் என்ன சொல்வார்? "தண்ணி எதுக்குப்பா ஒறையப் போவுது? இங்க தண்ணிதான் ஊட்டுக்குள்ளாறவே வருதே!" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் என்றால், 'எந்தப் பிள்ளையார்குப்பம்?' என்று திருப்பிக் கேட்பார்கள். வில்லியனூர் கொம்யூனில் ஒன்று. பாகூர் கொம்யூனில், கடலூர் சாலையில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இன்னொன்று. எதுவானாலும் அங்கே குளிர்காலம் என்பது ஐப்பசியில் மேகம் கறுத்து, கார்த்திகையில் அடைமழையாகக் கொட்டி, மார்கழியில் பனியாக இறங்கி, தை அறுவடையில் முடிகிற கதை. வெப்பமானி இருபது டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். ஆனால், ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வந்து இறங்குவது இந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான்.

கோழிக்கு இதில் என்ன கஷ்டம்? நிறைய. தரை சேறாகிவிட்டால் கிளறிப் பொறுக்க முடியாது. இறகு நனைந்தால் உடம்புச் சூடு போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. சம்பா நெல் அப்போது வயலில் நிற்கிறது. பழைய நெல் குதிரின் அடியைத் தொட்டிருக்கும். வீட்டுச் சோற்றுக்கே பானையைத் தட்டிப் பார்க்கிற மாதத்தில் கோழிக்கு யார் போடுவது? எவ்வளவு போடுவது?

சின்னக் கேள்விதான். ஆனால், மனிதனும் கோழியும் கூட்டுச் சேர்ந்த கதையே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம்... சுமார் 3,500 வருஷம்!

மத்திய தாய்லாந்தில் பான் நோன் வாட் என்று ஓர் இடம். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த எலும்புகள்தான் வீட்டுக்கோழி என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் என்று 2022-ல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையே. அதே ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனித்தார்கள். மழையை நம்பி நெல்லும் சிறுதானியமும் விதைக்க ஆரம்பித்த இடங்களில்தான் கோழி எலும்பும் கிடைக்கிறது. ஆக, காட்டுக்கோழியை யாரோ ஒரு வீரன் வலை போட்டுப் பிடித்து வந்து பழக்கினான் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. களத்தில் தானியம் சிந்தியது; மரத்தில் இருந்த கோழி இறங்கி வந்தது. 'சரி, பொறுக்கிட்டுப் போகட்டும்' என்று மனிதன் விட்டான். வந்த கோழி திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் ஒப்பந்தம். கையெழுத்து, சாட்சி எதுவும் இல்லாமல் இன்றுவரை நடக்கிறது!

இந்த ஒப்பந்தத்தில் அவ்வப்போது சண்டையும் வரும். பட்டினப்பாலை என்கிற சங்கப் பாட்டை எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவலுக்கு இருந்த பெண், கையில் கல் அகப்படாமல் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி வீசுகிறாள்! ஊர் எவ்வளவு செழிப்பு பாருங்கள் என்று சொல்லத்தான் புலவர் இந்தக் காட்சியை வைத்தார். நமக்கு வேறொன்று தெரிகிறது. கோழிக்கென்று தனியாகத் தீனி கிடையாது. முற்றத்தில் காய்வதில் அது திருடுவதுதான் அதன் சாப்பாடு. குழையை எறிந்த அம்மணிக்கும் அது தெரியும். விரட்டுவாள், ஆனால் சாயங்காலம் கூடையைக் கவிழ்த்து அடைப்பதும் அவள்தான்.

இப்போது முற்றத்தில் தானியமே காயாத மழை நாட்களுக்கு வருவோம். அப்போது என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். தமிழர் அல்ல... ரோமானியர்!

பாகூர்ப் பிள்ளையார்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் புதுச்சேரியைப் பார்க்க வந்தால் வழியில் அரியாங்குப்பம். அதன் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமானியரின் ஒயின் வந்த ஜாடித் துண்டுகளையும் இத்தாலிய மண்பாண்டங்களையும் எடுத்துக்காட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வியாபாரம் சூடுபிடித்திருந்த கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்பெயினில் பிறந்த கொலுமெல்லா என்கிற பண்ணைக்காரர் விவசாயத்தைப் பற்றிப் பன்னிரண்டு பாகத்தில் ஒரு புத்தகம் எழுதினார். எட்டாவது பாகம் முழுக்கக் கோழி, புறா, வாத்து, மீன்!

என்ன சொல்கிறார்? கோழிக்கூடு குளிர்காலத்துச் சூரியன் உதிக்கிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அடுப்படிக்கு ஒட்டினாற்போல் இருந்தால் நல்லது. ஏனென்றால் புகை கோழிக்கு ரொம்ப ஆரோக்கியம். முட்டை இடுகிற காலத்தில் பாதி வெந்த பார்லி போடு, முட்டை பெருக்கும். முட்டை நின்றுபோன குளிர் மாதங்களில் அவ்வளவு செலவழிக்காதே. ஒயின் பிழிந்த திராட்சைச் சக்கையைப் போட்டே ஒப்பேற்று!

கறாரான ஆள்! ஜாடியில் சாறு அரிக்கமேட்டுக்கு வந்தது, சக்கை அங்கே கோழிக்குப் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதுதான் நமக்கு மிகவும் வேண்டியது. கோழி குடிக்கிற தண்ணீரில் அதன் எச்சம் விழக் கூடாது. விழுந்தால் நோய் வரும். ஆகவே தொட்டிக்கு மூடி போடு. மூடியில் தலை மட்டும் நுழைகிற மாதிரி வரிசையாக ஓட்டை வை. கடையில் இன்று சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக்கில் விற்கிறார்களே, ஜாடியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தண்ணீர்க் கலம், அதற்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான். கோழி குடிக்கலாம், உள்ளே காலை வைக்கக் கூடாது. கிருமி என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரிவதற்குப் பதினெட்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பண்ணைக்காரர் வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த உண்மை!

அடுப்படிப் புகையும் அப்படித்தான். நம் கிராமத்திலும் பழைய கூரை வீடுகளில் கோழியை அடுப்படிப் பக்கம் கூடை போட்டுக் கவிழ்ப்பது வழக்கம். மழைக்காலத்தில் வேப்பிலையையும் நொச்சியையும் போட்டு மூட்டம் போடுவார்கள். கோழி அம்மையைப் பரப்புகிற கொசு, புகைக்குப் பயந்து ஓடும். ரோமாபுரி ஆளும் நம்ம ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கோழியைப் பார்த்திருக்கிறார்கள், போதாதா?

புதுச்சேரியைச் சொல்லிவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் போனால் எப்படி?

பியேர் சோன்னரா. 1748-ல் லியோனில் பிறந்தவர். செடி, பறவை, பூச்சி என்று எதைக் கண்டாலும் வரைந்து வைத்துக்கொள்கிற பைத்தியம். பதினாறாம் லூயியின் ஆட்சியில் 1774-ல் கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டு வந்தார். 1778-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஊருக்குள் மாட்டிக்கொண்டார். ஊர் திரும்பி 1782-ல் தன் பயணத்தைப் பெரிய புத்தகமாகப் போட்டார். அதில் நம்ம மலைக்காட்டில் பார்த்த ஒரு கோழியைப் பற்றி எழுதினார். சாம்பல் நிற உடம்பு. கழுத்து இறகில் மெழுகுப் பொட்டு வைத்த மாதிரி மினுமினுப்பு. 'வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இதுதான்' என்று அடித்துச் சொன்னார்.

பிறகு மறுபடி புதுச்சேரிக்கு வந்தார். 1793-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவரும் சேர்ந்து போனார்! பிரான்ஸைப் பார்த்தது 1813-ல். அதே வருஷம் டச்சுக்காரர் டெம்மின்க் அந்தச் சாம்பல் காட்டுக்கோழிக்கு 'காலஸ் சோன்னராட்டி' என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் சோன்னரா பாரிஸில் செத்துப்போனார்.

1868-ல் வந்தார் சார்லஸ் டார்வின். 'மூதாதை சாம்பல் கோழி இல்லை, சிவப்புக் காட்டுக்கோழி மட்டும்தான்' என்று தீர்ப்பு எழுதினார். எல்லோரும் தலையாட்டினார்கள். சோன்னரா சொன்னது பழங்கதையானது.

2008-ல் ஒரு திருப்பம்! ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கோழித் தோலின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணுவைத் தேடினார்கள். அது சிவப்புக் காட்டுக்கோழியில் இல்லை. சாம்பல் காட்டுக்கோழியில் இருந்தது! முக்கால்வாசி வம்சம் சிவப்பு என்பதில் டார்வின் சொன்னது சரி. ஆனால், தென்னிந்திய மலைக்காட்டுச் சேவல் ஒன்று எப்போதோ ஏதோ ஒரு வீட்டுக் கொல்லைக்கு வந்து போயிருக்கிறது. சோன்னராவுக்குப் பாதி மார்க் போடலாம்.

தீனிக் கதையில் இது எதற்கு என்கிறீர்களா? இருக்கிறது. அந்த மரபணுவின் வேலையே தீனியோடு சம்பந்தப்பட்டது. பச்சிலையிலும் மஞ்சள் சோளத்திலும் கரோட்டினாய்டு என்கிற நிறப்பொருள் இருக்கிறது. வெள்ளைத் தோல் கோழி அதைத் தோலிலேயே உடைத்துவிடும். மஞ்சள் தோல் கோழி சேர்த்து வைக்கும். கோழி என்ன தின்றது என்பதை அதன் காலைப் பார்த்தே சொல்லலாம். முட்டையின் மஞ்சள் கருவும் அப்படித்தான். மழைக்காலத்தில் கூடைக்குள்ளேயே அடைத்துப் போட்டு வெறும் நொய்யைப் போட்டால் கரு வெளுத்துவிடும். 'நாட்டுக்கோழி முட்டைன்னு சொன்னீங்க, வெளுப்பா இருக்கே!' என்று வாங்கினவர் முகத்தைச் சுளிப்பார். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கூடைக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். கொஞ்ச நாளில் கருவுக்கு நிறம் திரும்பிவிடும்.

சரி... பிள்ளையார்குப்பத்துக் கோழிக்கு மழைக்காலச் சாப்பாடு என்று வேறு என்னென்ன இருந்தது?

முதல் விருந்து வானத்திலிருந்து வரும். மழை விட்ட சாயங்காலத்தில் புற்றிலிருந்து கிளம்புமே ஈசல்! கோழிக்கு அன்றைக்குத் தீபாவளி. ஈசல் பறக்காத நாளில் அதன் உடன்பிறப்பான கரையானை வரவழைப்பார்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டைத் துண்டு எல்லாவற்றையும் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்துவிட வேண்டியது. காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான். பைசா செலவில்லாத புரதம்! குஞ்சு வைத்திருக்கிற வீட்டில் இது பெரிய கைகண்ட வித்தை. கால்நடைப் பல்கலைக்கழகமே இந்த முறையை விவசாயிகளுக்குச் சொல்லித்தருகிறது. ஆயாக்களிடமிருந்து பேராசிரியர்கள் படித்த பாடம்.

கடற்கரை பக்கம் என்பதால் இன்னும் இரண்டு வசதி. கருவாட்டுக் கழிவைத் தூளாக்கித் தவிட்டில் கலக்கலாம். கிளிஞ்சலை நொறுக்கிப் போடலாம். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு கிடைத்துவிடும். கம்பு, கேழ்வரகு இருந்தால் சாயங்காலத்துக்கு. ஏன் சாயங்காலம்? முழுத் தானியம் மெதுவாகத்தான் செரிக்கும். கழுத்தடித் தீனிப்பையை நிரப்பிக்கொண்டு தூங்கப் போகிற கோழிக்கு ராத்திரி முழுக்க உள்ளே ஒரு சின்ன அடுப்பு எரிகிற மாதிரி. மார்கழிப் பனிக்கு அதுதான் போர்வை.

பிசைந்த தவிடு காலையில். அதையும் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான் வைக்க வேண்டும். மிச்சம் கிடந்தால் ஈரத்தில் புளித்து, பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சைதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடமடவென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்ட குற்றவாளி, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை! அதன் விஷத்துக்குத்தான் அஃப்ளடாக்ஸின் என்று பெயர். மணிலாக் கொட்டை விளைகிற சீமையாச்சே நம்முடையது, புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால், அடைமழை மாதத்தில் கட்டி தட்டிப்போன புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் 'வீணாகிறதே, கோழிக்காவது போடலாம்' என்று போட்டால், அது தீனியல்ல... விஷம்.

தண்ணீர் விஷயமும் இதே மாதிரிதான். சுற்றிலும் வெள்ளக்காடு, கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அங்கேதான் ஆபத்து. கோழி தின்கிற தீனியைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும். நாம் வைக்காவிட்டால் குட்டையில் குடிக்கும். குட்டையில் இருப்பது ஊர்க்கோழிகளின் எச்சமெல்லாம் கரைந்த ரசம்! ரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் அந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன. மழைக்காலத்தில்தான் சுத்தமான தண்ணீரைத் தேடி வைக்க வேண்டும். கூரைக்கு அடியில், செங்கல் மேல் தூக்கி வைத்து, தினமும் கழுவி, வெதுவெதுப்பாக ஊற்றினால் உத்தமம். சில்லென்று இருந்தால் கோழி குடிப்பதைக் குறைக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும்.

இவ்வளவு செய்தும் ஒரே ராத்திரியில் கொல்லையைக் காலி பண்ணுகிற எமன் ஒருவன் உண்டு. வெள்ளைக்கழிச்சல்!

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் முதன்முதலாக இதை அடையாளம் கண்டார்கள். சீக்கிரமே இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் தென்பட்டது. இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பாவம், அழகான மலைவாசஸ்தலம்! முக்தேசரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் தடுப்பூசியும் தயாரானது. ஆனால் ஒரு சிக்கல். ஊசி மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குப்பியை உடைத்தால் நூறு கோழிக்குப் போட வேண்டும். ஒரு வீட்டில் இருப்பதோ ஐந்து கோழி. அதுவும் பகலில் வேலியில், ராத்திரி மரத்தில். எந்த டாக்டர் துரத்திப் பிடிப்பார்?

இதற்கு உலகத்தின் பல மூலைகளிலும் யோசித்தவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், அந்தப் பழைய ஒப்பந்தம்தான். தீனியைப் போட்டால் கோழி வரும்! அப்படியானால் மருந்தையே தீனியாக்கினால்? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெள்ளைக்கழிச்சலுக்கு வாய்வழியாகக் கொடுக்கிற குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. காலையில் கூடையைத் திறக்கும்போது நொய் போடுகிற மாதிரி போட வேண்டியதுதான். ஆயாவே டாக்டர்! புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூர் போகிற வழியில் குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மழைக்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வந்தால் கொல்லை தப்பிக்கும்.

இதே காலகட்டத்தில் இன்னொரு பக்கம் கோழியின் குளிர்காலத்தையே ஒழித்துக்கட்டுகிற வேலையும் நடந்தது. கோழி முட்டையிடுவது வெளிச்சத்தைப் பொறுத்தது. லண்டனில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அங்கே கோழி கடையை மூடிவிடும். புதுச்சேரியில் மிகக் குட்டையான பகலே பதினொன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில். அதனால் நம் கோழி முழுக்க நிறுத்துவதில்லை, கொஞ்சம் சுணங்கும். நாமக்கல் மாதிரி இடங்களில் பல்பைப் போட்டுப் பகலைப் பதினாறு மணி நேரமாக நீட்டினார்கள். அளந்த தீனி, குழாயில் சொட்டும் தண்ணீர், மாதம் என்னவென்றே தெரியாத கோழி. வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல்! கொல்லைக் கோழி போடுவதோ அறுபதோ எண்பதோ.

கணக்குப் போட்டால் கொல்லைக் கோழி எப்போதோ அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை! 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மொத்தக் கோழி இனங்கள் 85 கோடிக்கு மேல். அதில் கொல்லையில் வளர்வது மட்டும் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட 45 சதவிகிதத்துக்கும் மேல் அதிகம். பண்ணைக் கோழியின் வளர்ச்சி ஐந்து சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை.

ஏன்? அந்தக் கோழியின் முதலாளி யார் என்று பாருங்கள், புரிந்துவிடும். மாடு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், நிலம் மாமனார் பெயரில் இருக்கும். கோழி மட்டும் அந்தம்மாவுடையது. முட்டை விற்ற காசு அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். சிறுவாட்டுப் பணம்! பிள்ளைக்கு நோட்டு வாங்க, திடீர்க் காய்ச்சலுக்கு ஊசி போட, சீட்டுப் பணம் குறைந்தால் ஈடுகட்ட... யாரிடமும் கை நீட்ட வேண்டாம். ஒரு கோழியைப் பிடித்துச் சந்தைக்குக் கொடுத்தால் போதும். முதலீடு என்ன? ஒரு கைப்பிடி நொய்யும் ஒரு சட்டித் தண்ணீரும்.

ஆனால் அந்தக் கைப்பிடி நொய்தான் இப்போது கிடைப்பதில்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லை அடித்து மூட்டையாக்கி அனுப்பிவிடுகிறது. களம் இல்லை, தூற்றுவது இல்லை, சிந்துவது இல்லை. வீட்டில் புடைத்தால்தானே நொய் விழும்? அரிசி பாக்கெட்டில் வருகிறது. முற்றத்தில் சிமென்ட், புழு பூச்சி ஏது? மூவாயிரத்தைந்நூறு வருஷம் கோழி வாழ்ந்தது நம்முடைய சிந்தல் சிதறலில். நாம் எதையும் சிந்தாமல் வாழக் கற்றுக்கொண்டுவிட்டோம். இனிமேல் மழைக்காலத் தீனியை யாராவது நினைத்து எடுத்து வைத்தால்தான் உண்டு.

நினைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்கு நன்றாகவே தெரியும். 2011 டிசம்பர் 30, மார்கழி விடியல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது 'தானே'. 2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்'. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள், டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. ஆட்களைப் படகில் ஏற்றினார்கள். மாட்டைக் கயிற்றை அறுத்துவிட்டார்கள், அது நீந்தியது. கவிழ்த்த கூடைக்குள் இருந்த கோழி?

பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய அரசு வகுத்த 2022–26 விதிகளில் விலைப்பட்டியல் இருந்தது. கறவை மாடு செத்தால் 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000 ரூபாய். கோழிக்கு 100 ரூபாய். நல்ல பெட்டைக்கோழி சந்தையில் பல நூறு ரூபாய் விலை போகிற காலம் இது. அந்தக் கோழி அடுத்த வருஷம் போடப்போகிற முட்டை, பொரிக்கப்போகிற குஞ்சு, அஞ்சறைப் பெட்டிக்கு வரப்போகிற காசு எதுவும் பட்டியலில் இல்லை. பாதிப் பேர் நூறு ரூபாய்க்காக மனு எழுதிக்கொண்டு போய் வரிசையில் நிற்பதும் இல்லை. 'போவுது போ' என்று மிச்சமிருக்கிற இறகைக் கூட்டித் தள்ளிவிட்டு, அக்கம்பக்கத்தில் ஒரு பெட்டையை வாரத்துக்கு வாங்கி மறுபடி அடை வைப்பார்கள். பொரிக்கிற குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு, பாதி இவர்களுக்கு. எந்த அரசாணையும் இல்லாமல் நடக்கிற நிவாரணம்!

அடைமழை, அடைக்கோழி... இரண்டுக்கும் ஒரே 'அடை'தான். ஒன்று வந்தால் இன்னொன்றை வைக்கக் கூடாது என்பது பழைய ஆட்கள் கணக்கு. ஐப்பசி கார்த்திகையில் குஞ்சு இறக்கினால் ஈரத்துக்குத் தாங்காது. தை பிறக்கட்டும், களத்தில் புது நெல் வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

அதுவரைக்கும் இருக்கிற கோழி உயிரோடு இருக்க வேண்டுமே! செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு டின் நொய்யை, முடிந்தால் கொஞ்சம் கம்பையும் வெயிலில் போட்டு எடுத்து, ஈரம் புகாத மூடி போட்டு வைத்துவிடுங்கள். தடுப்பு மருந்தை வாங்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கூரைக்கு அடியில் ஏற்றுங்கள். கூட்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி மட்டும் கூடையைக் கவிழ்க்காதீர்கள், மேட்டில் திறந்து விடுங்கள். தண்ணீர் வந்தால் கோழி மரம் ஏறும். அது காட்டில் கற்றது, மறந்திருக்காது.